ஓர் இரவுக்கு ஓர் அத்தியாயம்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பத்து வயது மகளோடு இரவில் சேர்ந்து படிக்க, லெமனி ஸ்னிக்கெட் எழுதிய ‘எ சீரிஸ் ஆஃப் அன்ஃபார்ச்சுனேட் ஈவன்ட்ஸ்’ வரிசையை எடுத்திருக்கிறீர்கள். மூன்று புத்தகம் முடிந்துவிட்டது, நான்காவது கையில் இருக்கிறது. அப்பா அம்மாவை நெருப்பில் பறிகொடுத்த மூன்று பிள்ளைகள், அவர்கள் சொத்துக்காக வேஷம் மாற்றி மாற்றி வரும் கவுண்ட் ஓலாஃப், ஒவ்வொரு தடவையும் அவனிடம் ஏமாறும் பெரியவர்கள். இதே கதை திரும்பத் திரும்ப வருவதில் உங்களுக்கு அலுப்பு. இத்தனை சாவும் துக்கமும் குழந்தைக்கு ஆகுமா என்று பயமும். மகளுக்கோ விட மனசில்லை. தொடரலாமா, தொடர்ந்தால் எப்படி என்று கேட்கிறீர்கள்.

தொடருங்கள். இந்த வரிசையை நான் இரண்டு முறை வாய்விட்டு வாசித்து முடித்திருக்கிறேன். ஒருமுறை என் மகனோடு, சில வருஷம் கழித்து அக்கா மகளோடு. மகனோடு படித்தபோது ஒரே ராத்திரியில் மூன்று நான்கு அத்தியாயம் ஓட்டினோம். நீங்கள் சொல்லும் அதே அலுப்பு எனக்கும் நான்காவது புத்தகத்தில்தான் வந்தது. அக்கா மகளோடு படிக்கும்போது, ஓர் இரவுக்கு ஓர் அத்தியாயம், அதற்கு மேல் கெஞ்சினாலும் கிடையாது என்று வைத்துக்கொண்டோம். எனக்கு ஏற்கெனவே கதை தெரியும். இருந்தும் புதுசாகப் படிப்பது போலிருந்தது.

மொத்தம் 13 புத்தகம், ஒவ்வொன்றிலும் 13 அத்தியாயம். கடைசிப் புத்தகத்தில் மட்டும் பதினான்காவது என்று ஒன்று கூடுதலாக வரும். ஆக 170 இரவுகள். பரீட்சை, காய்ச்சல், ஊர்ப்பயணம் எல்லாம் குறுக்கிட்டு எங்களுக்கு எட்டு மாதம் ஆனது. முதல் புத்தகம் வந்தது 1999இல். கடைசிப் புத்தகம் வந்தது 2006 அக்டோபர் 13, வெள்ளிக்கிழமை. மேல்நாட்டில் ராசியில்லாத நாள் என்பார்கள். அன்றைய பிள்ளைகள் ஒரு மர்மத்துக்காக ஏழு வருஷம் காத்திருந்தார்கள். காத்திருப்பவர்களுக்காகவே கட்டப்பட்ட கதை இது. ஒரே மூச்சில் படித்தால் ஒவ்வொரு புத்தகமும் முந்தையதன் நகல் மாதிரி தெரிவதற்கு அதுதான் காரணம்.

அந்த ‘ஒரே மாதிரி’யைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். துப்பறியும் கதை என்றால் செய்தவன் யார் என்பது கடைசிப் பக்கத்தில்தான் தெரிய வேண்டும். இங்கே அது முதலிலேயே தெரிந்துவிடுகிறது. நம் பழைய சினிமாவில் கன்னத்தில் ஒரு மருவை ஒட்டிக்கொண்டால் சொந்தத் தாய்க்குக்கூட மகனை அடையாளம் தெரியாது. தியேட்டரில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். அப்படித்தான் ஓலாஃபும். கணுக்காலில் கண் மாதிரி ஒரு பச்சை குத்தியிருக்கிறான். புருவம் இரண்டும் சேர்ந்து ஒன்றாக இருக்கும். வயலட்டுக்கும் கிளாஸுக்கும் கைக்குழந்தை சன்னிக்கும் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். பெரியவர்களுக்கு மட்டும் தெரியாது. ஆகவே இங்கே புதிர் ‘யார்’ என்பதில் கிடையாது. ‘இவர்கள் சொல்வதை யாராவது எப்போது நம்புவார்கள்’ என்பதுதான் பிள்ளையைத் தூங்கவிடாத கேள்வி.

ஒவ்வொரு புத்தகம் தொடங்கும்போதும் மகளிடம் ‘கண் எங்கே ஒளிந்திருக்கு?’ என்று பந்தயம் கட்டுங்கள். இரண்டாவதில் பவுடர் பூசி மறைத்தான், மூன்றாவதில் மரக்காலை மாட்டிக்கொண்டு வந்தான். ஐந்தாவதில் ஓட்டப் பயிற்சியாளராக வந்து ஷூவைக் கழற்ற மறுப்பான். மூன்றாவது பந்தயத்துக்கப்புறம் அலுப்பு போய்விடும், ஏனென்றால் அப்போது திரும்ப வருவதையே எதிர்பார்க்க ஆரம்பித்திருப்பீர்கள்.

வங்கிக்காரர் மிஸ்டர் போவை வாசிக்கும்போது நான் கைக்குட்டைக்குள் இருமிக்கொண்டே வாசிப்பேன். நல்ல மனுஷன், பிள்ளைகளுக்குக் கெடுதல் நினைக்காதவர், ஆனால் அவர்கள் பேச ஆரம்பித்தாலே இருமல் வந்துவிடும். ஒருநாள் அக்கா மகள் புத்தகத்தின் மேல் கையை வைத்து நிறுத்தி, “சித்தி, இந்த ஆளை ஒரு நாள் ஓலாஃப் வீட்டுல தங்கச் சொல்லணும்” என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, ஸ்கூல் வேனில் ஒரு பெரிய பையன் தினமும் தன் டிபன் பாக்ஸைப் பிடுங்குவதையும், சொன்னபோது ‘விளையாட்டுக்குச் செய்திருப்பான்’ என்று யாரோ முடித்துவிட்டதையும் சொன்னாள். அன்றைக்கு அத்தியாயம் பாதியில் நின்றது. அடுத்த நாள் அக்கா போய்ப் பேசிவிட்டு வந்தாள். அவசர அவசரமாகப் பக்கத்தைப் புரட்டியிருந்தால் அந்தக் கை புத்தகத்தின் மேல் விழுந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது.

முதல் புத்தகத்தில் வரும் கல்யாணத்தைப் பற்றியும் கவலையாக எழுதியிருந்தீர்கள். சொத்துக்காகப் பதினான்கு வயது வயலட்டை நாடக மேடையிலேயே சட்டப்படி மணமுடிக்கப் பார்க்கிறான் ஓலாஃப். தங்கச்சிப் பாப்பாவைக் கூண்டில் அடைத்துக் கோபுரத்திலிருந்து தொங்கவிட்டு மிரட்டுகிறான். எனக்கும் அந்த இடத்தில் குரல் தடுமாறியது. நாங்கள் வாசித்தது அம்மா படுத்திருந்த அறையில். அக்கா மகள் திரும்பி, “பாட்டி, உங்களுக்கு எத்தனை வயசுல கல்யாணம் ஆச்சு?” என்று கேட்டாள். அம்மா கொஞ்சம் யோசித்து, “பதினஞ்சு முடியல” என்றாள். “உங்களைக் கேட்டாங்களா?” “யாரு கேக்கறது?” அதோடு பேச்சு நின்றது. மறுநாள் இரவு, வயலட் கையெழுத்துப் போடும் இடத்தை அம்மாவும் எழுந்து உட்கார்ந்து கேட்டாள். சட்டம் அவள் ‘தன் கையால்’ கையொப்பமிட வேண்டும் என்கிறது. வலக்கைப் பழக்கமுள்ள அவள் இடக்கையால் போட்டுத் தப்பிக்கிறாள். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, நான் தமிழில் சொல்லச் சொல்ல, “கெட்டிக்காரி” என்று இரண்டு தடவை சொன்னாள். குழந்தைக்கு ஆகாது என்று நான் அந்தப் பக்கங்களைத் தாண்டியிருந்தால் அம்மாவின் அந்த ஒரு வார்த்தை எங்களுக்குக் கிடைத்திருக்காது.

எதையும் தாண்டாதீர்கள், மென்மையாக்கியும் சொல்லாதீர்கள். இந்தக் கதையைச் சொல்பவனே துக்கத்தோடு சொல்கிறான், அது பிள்ளைக்குத் துணை. இரண்டாவது புத்தகத்தில் மாண்டி மாமா இறந்துவிடுவார் என்பதை அவர் உயிரோடு இருக்கும்போதே சொல்லிவிடுகிறார் கதைசொல்லி. “ஏன் முன்னாடியே சொல்லணும்?” என்று என் மகன் சண்டை போட்டான். ஆனால் அதற்கப்புறம் மாமா பிள்ளைகளுக்குத் தேங்காய் கேக் தந்து உபசரித்ததையும், பாம்பு அறையைக் காட்டியதையும் நினைத்து நினைத்துப் பேசிக்கொண்டிருந்தான். சாவு திடீரென்று வந்து பயமுறுத்தவில்லை. முன்கூட்டியே தெரிந்ததால் அந்த மனுஷனின் பிரியம் மனசில் தங்கிவிட்டது.

கதைசொல்லி என்றேன். லெமனி ஸ்னிக்கெட் என்பது 1970இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த டேனியல் ஹேண்ட்லரின் புனைபெயர். முதல் நாவலுக்காக விவரம் சேகரித்தபோது, சில அமைப்புகளிடம் துண்டறிக்கைகள் கேட்டு வாங்க சொந்தப் பெயரைக் கொடுக்க விரும்பாமல் சட்டென்று சொன்ன பெயராம் அது. புத்தகத்துக்குள் ஸ்னிக்கெட் ஒரு பாத்திரம். போதலேர் என்ற குடும்பப் பெயர் கொண்ட அந்த மூன்று பிள்ளைகளின் தடம் பற்றி அலைந்து, யாருக்கோ பயந்து ஓடிக்கொண்டே எழுதுகிறவர். (ஆமாம், பிரெஞ்சுக் கவிஞரின் பெயர்தான். மிஸ்டர் போவுக்கு எட்கர், ஆல்பர்ட் என்று இரண்டு பையன்கள் இருப்பதையும் கவனித்திருப்பீர்கள், எட்கர் ஆலன் போ என்ற எழுத்தாளரை நினைவூட்டத்தான்.) பிள்ளைகளின் கதைக்குக் கீழே இவருடைய கதை ஒன்று ஓடுகிறது. அது அத்தியாயங்களுக்குள் கொஞ்சமாகவும் ஓரங்களில் அதிகமாகவும் கிடக்கிறது.

அந்த ஓரங்களை நீங்கள் வாசிக்காமல் விட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், நானும் முதல் முறை விட்டேன். ஒவ்வொரு புத்தகமும் பியட்ரிஸ் என்ற பெண்ணுக்குச் சமர்ப்பணம். முதலாவதில் அவள் பெயருக்குப் பின் மூன்றே சொல். மூன்றாவது சொல், அவள் உயிரோடு இல்லை என்கிறது. யார் இவள்? பின்னட்டையில், தயவுசெய்து இதைப் படிக்காதீர்கள் என்று வாசகருக்கு ஒரு கடிதம். கடைசியில் பதிப்பாசிரியருக்கு ஒரு கடிதம், அடுத்த பிரதி எங்கே ஒளித்து வைக்கப்பட்டிருக்கும் என்று. பிரெட் ஹெல்க்விஸ்ட் வரைந்த கடைசிப் படத்தில் அடுத்த புத்தகத்துக்கு ஒரு தடயம் இருக்கும். முதல் புத்தகத்தின் கடைசிப் படத்தை இப்போதே எடுத்துப் பாருங்கள், விளக்குக் கம்பத்தில் பாம்பு சுற்றியிருக்கும். மூன்று புத்தகங்களின் சமர்ப்பணம், கடிதம், படம் எல்லாவற்றையும் ஓர் இரவில் மகளோடு உட்கார்ந்து திரும்பப் பார்த்துவிட்டு நான்காவதைத் தொடங்குங்கள்.

சொற்களுக்கு வருவோம். ஒரு கடினமான சொல்லைச் சொல்லிவிட்டு, ‘இந்த இடத்தில் இதற்கு அர்த்தம்’ என்று அவரே விளக்குவார். அகராதி அர்த்தமாக ஆரம்பித்து, அந்தப் பிள்ளைகளின் அப்போதைய கஷ்டத்துக்கு மட்டுமே பொருந்தும் அர்த்தமாகப் போய் முடியும். பெரும்பாலான சிரிப்பு அங்கேதான். அவர் விளக்கத்தைப் படிப்பதற்கு முன் நிறுத்தி, மகளையே தமிழில் ஓர் அர்த்தம் சொல்லச் சொல்லுங்கள். முதல் புத்தகத்தில் ‘லிட்டரலி’க்கும் (நிஜமாகவே) ‘ஃபிகரேட்டிவ்லி’க்கும் (உருவகமாக) வித்தியாசம் சொல்லும் இடம் வந்ததே, அங்கே அக்கா மகள் சொன்ன உதாரணம்: “பாட்டிக்கு மாத்திரை போட்டா வயிறு எரியுது. பக்கத்து வீட்டுல புது கார் வாங்கினா அப்பவும் வயிறு எரியுது.” இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்ல வராது.

மூன்றாவது புத்தகத்தின் ஜோசஃபின் அத்தையைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் அந்த முடிவு ‘ரொம்பக் கொடூரம்’ என்று எழுதியிருந்தீர்கள். கொடூரம்தான். ஆனால் அத்தை எதற்கெல்லாம் பயந்தாள் என்று திரும்பிப் பாருங்கள். அடுப்பு தீப்பிடிக்கும் என்று வெள்ளரிக்காய் சூப்பைச் சில்லென்றே கொடுத்தாள். கதவுக் குமிழ் வெடிக்கும் என்று தொடமாட்டாள். டெலிபோன் ஷாக் அடிக்கும் என்று நடுங்கினாள். புயலில் வீடு இடிந்து விழும்போது அவள் பயந்தது ஒவ்வொன்றாக அப்படியே நடக்கிறது. மகளுக்கு அது தட்டியதா என்று கேளுங்கள். தட்டியிருந்தால் அவள் நன்றாகவே படிக்கிறாள்.

அத்தையின் கடிதம் இன்னும் அருமை. இலக்கணப் பிழை என்றால் துடித்துப்போகிறவள், தான் விட்டுப்போன கடிதத்தில் பிழைக்கு மேல் பிழை விட்டிருக்கிறாள். பிழைகளைத் திருத்திக் கோத்த கிளாஸ், அவள் ஒளிந்திருக்கும் குகையின் பெயரைக் கண்டுபிடித்தான். இதை இங்கிலீஷில் புரிந்துகொள்ள என் மகனுக்குக் கஷ்டமாக இருந்தது. அக்கா மகளோ மறுநாள் காலையில் என் தலைமாட்டில் ஒரு சீட்டு வைத்திருந்தாள்: ‘திங்கள் கெழமை கனக்கு டெஸ்ட். ஆரு மணிக்கு எழுப்பு சித்தி.’ என் கண்ணாடியைக் காணோம். சீட்டைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தேன். கிழமை, கணக்கு, ஆறு. கி, ண, று. கிணற்று மேடையில் வாளிக்குப் பக்கத்தில் கண்ணாடி பத்திரமாக இருந்தது. ரகரமும் றகரமும் மூன்று வருஷமாக அவளுக்கு வராமல் இருந்தன. பிழையை வேண்டுமென்றே விட, சரியானது எது என்று தெரிந்திருக்க வேண்டுமே. ஒரு வாரம் சீட்டு எழுதி எழுதியே பிடித்துக்கொண்டாள்.

இப்போது உங்கள் கையில் இருக்கும் நான்காவது. இது எல்லோரும் நின்றுவிடும் இடம். மர அறுவை ஆலை, தூசி, சம்பளத்துக்குப் பதில் கூப்பன். வாசிக்கவே மூச்சு முட்டும். நான் முழுதாகச் சொல்லமாட்டேன். வயலட் கருவி செய்பவள், கிளாஸ் படிப்பவன் என்ற கணக்கு இந்தப் புத்தகத்தில் மாறும், அதற்காகப் பொறுத்திருங்கள். அவளுக்குக் கஷ்டப்பட்டுப் படிக்க வேண்டிய கட்டாயம் வரும், அவனுக்குத் தடுமாறித் தடுமாறி ஒரு கருவி செய்ய வேண்டிய கட்டாயம். ஒரு சொல் ஒருவனைக் கட்டிப்போடும், இன்னொரு சொல் அவனை விடுவிக்கும். அந்த இரண்டாவது சொல் வரும் இடத்தைக் கவனமாக வாசியுங்கள்.

ஐந்தாவதில் பிள்ளைகளுக்கு முதல்முறையாகத் தங்கள் வயதில் நண்பர்கள் கிடைக்கிறார்கள். புத்தகம் முடியும்போது வி.எஃப்.டி. என்ற மூன்று எழுத்து காதில் விழும். உண்மையான மர்மம் அங்கேதான் கதவைத் திறக்கிறது. அதற்கப்புறம் மகள் உங்களைத் தூங்கவிடமாட்டாள்.

ஆறாவதில் லிஃப்ட் குழிக்குள் விழும் இடத்தில் இரண்டு பக்கம் முழுக்கக் கறுப்பு. அதை எப்படி வாய்விட்டு வாசிப்பது? நான் விளக்கை அணைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்தேன். இருட்டில் ஒரு கை வந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டது. அவ்வளவுதான், பிறகு விளக்கைப் போட்டுத் தொடர்ந்தோம்.

ஏழாவதிலும் எட்டாவதிலும் மட்டும் உங்கள் முறையை மாற்றிக்கொள்ள வேண்டும். ஏழில் இரண்டடிக் கவிதைகள் துண்டு துண்டாக வந்து சேரும். எட்டில் எழுத்துகளைக் கலைத்து மறைத்த பெயர்கள். காதால் கேட்டால் இந்தப் புதிர் அவிழாது, கண்ணால் பார்க்க வேண்டும். அந்த இடங்களில் புத்தகத்தை அவள் கையில் கொடுங்கள், பென்சிலும் காகிதமும் கொடுங்கள். விடை தெரிந்தாலும் வாயைத் திறக்காதீர்கள். எங்கள் வீட்டில் மூன்று இரவு ஆனது. கிளாஸ் கண்டுபிடிக்கும் பக்கத்துக்கு முந்தின இரவே அவள் கண்டுபிடித்து, கத்தி, தெருநாய் குரைத்தது.

எட்டுக்குப் பிறகு இருட்டு கூடுகிறது, பக்கங்களும் கூடுகின்றன. முதல் புத்தகம் 160 பக்கம் சொச்சம் என்றால் பன்னிரண்டாவது 350ஐ எட்டும். சில அத்தியாயங்களை இரண்டு இரவாகப் பிரிக்க வேண்டிவரும். இதுவரை ஓலாஃப் வேஷம் போட்டான், இனி பிள்ளைகளே வேஷம் போடுவார்கள், பொய் சொல்வார்கள், திருடுவார்கள். ‘நாம நல்லவங்கதானா?’ என்று அவர்களே ஒருவரையொருவர் கேட்கும் நிலை வரும். பத்து வயதுக்கு இது கனம்தான். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதால் தாங்கும். தனியாகப் படிக்கக் கொடுப்பதாக இருந்தால் இன்னும் இரண்டு வருஷம் போகட்டும் என்பேன்.

படத்தையும் தொடரையும் இப்போது காட்டாதீர்கள். 2004இல் வந்த படம் முதல் மூன்று புத்தகங்களையும் கலைத்து அடுக்கியிருக்கிறது, கல்யாணத்தைக் கடைசிக்குக் கொண்டுபோய்விட்டது. நெட்ஃபிளிக்ஸ் தொடர், 2017 முதல் 2019 வரை 25 பகுதிகள், புத்தகத்துக்கு மிகவும் விசுவாசமானது, எனக்கும் பிடிக்கும். ஆனால் வி.எஃப்.டி. விஷயத்தை ஆரம்பத்திலேயே அவிழ்க்கத் தொடங்கிவிடும். 170 இரவு காத்திருந்து பெற வேண்டியதை இரண்டாம் நாளே கொடுத்துவிடும். உங்களுக்குத் தொண்டை சரியில்லாத நாளுக்கு ஒலிப்புத்தகம் இருக்கிறது; பெரும்பாலானவற்றை டிம் கரி வாசித்திருக்கிறார், மூன்று முதல் ஐந்து வரை எழுதியவரே வாசித்திருக்கிறார்.

கடைசியாக, மகளிடம் இப்போதே ஒன்று சொல்லி வையுங்கள்: எல்லாக் கேள்விக்கும் பதில் வராது. சொல்லாமல் விட்டதால் என் மகன் பத்து நாள் என் மேல் கோபமாக இருந்தான். அக்கா மகளுக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ‘பதில் வராதவை’ என்று தலைப்புப் போட்டுக் கொடுத்தேன். முதல் வரி: சர்க்கரைக் கிண்ணத்துக்குள் என்ன இருக்கு? அதற்குக் கீழே அவளாக எழுதியவை மட்டும் ஒரு பக்கம் நிறைந்தது. இன்றுவரை சேர்த்துக்கொண்டிருக்கிறாள்.

பதின்மூன்றாவது புத்தகத்தின் பதின்மூன்றாவது அத்தியாயத்தோடு கதை முடிந்த மாதிரி இருக்கும். பின்னால் பக்கம் மீதி இருக்கும், தனிப் புத்தகம் போல் ஒரு தலைப்புப் பக்கம் வரும். அன்றிரவே அதைத் தொடாதீர்கள், மூடி வையுங்கள். மறுநாள் பதினான்காவது அத்தியாயத்தைக் கடைசிச் சொல் வரை வாசித்துவிட்டு, ஒன்றும் பேசாமல், முதல் புத்தகத்தின் சமர்ப்பணப் பக்கத்தைத் திறந்து அவள் மடியில் வையுங்கள்.